ஆட்டிசம் உள்ள ஒருவரை நாயகனாகக் கொண்ட நாவல் ஏதேனும் உங்களைப் பாதித்திருக்கிறதா?

பாதித்திருக்கிறது. மார்க் ஹேடன் எழுதி 2003-இல் வெளிவந்த 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்'. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் வாழும் 15 வயது கிறிஸ்டோபர், அக்கம்பக்கத்து வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்புத் துலக்கப் புறப்படுகிறான். கதை சொல்பவனும் அவனே. அத்தியாயங்களுக்குக்கூட 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களைத்தான் இடுகிறான்.

நான் மன்னார்குடிக்காரன். என் அண்ணன் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அதனால் நாயைக் கொன்றவரைவிட எங்கள் பிள்ளையைத்தான் பக்கத்துக்குப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

தொடக்கத்திலேயே கிடைத்தான். போலீஸ்காரர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, கிறிஸ்டோபர் நெற்றியைத் தரையில் வைத்து முனகத் தொடங்குகிறான். ஏன் என்று அவனே சொல்கிறான்: வெளியிலிருந்து தகவல்கள் அளவுக்கு மீறி வந்து குவியும்போது அப்படிச் செய்வானாம். வானொலியை இரண்டு நிலையங்களுக்கு நடுவே திருப்பி, அந்த இரைச்சலைக் காதோடு வைத்துக்கொள்வதைப் போன்றது அது. வேறெதுவும் கேட்காது, பயமில்லை.

எங்கள் தெருவில் சுவாமி புறப்பாடு வரும். தவிலும் வெடிச்சத்தமும் நெருங்க நெருங்க, பிள்ளை திண்ணை ஓரத்தில் குந்தி, கட்டைவிரல்களால் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு, ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று இழுப்பான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார் ஒருவர். வேப்பிலை அடிக்கச் சொல்வார் இன்னொருவர். வெளிச்சத்தத்தை மறைக்க அவன் தானே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறான் என்பதை அந்தச் சில வரிகள்தான் எனக்குப் புரியவைத்தன. இதற்காகவே ஹேடனுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. கிறிஸ்டோபர் கணக்கில் புலி. இப்படிப்பட்ட கதைகளை மட்டும் அறிந்தவர்கள் எங்களிடம் வந்து, "உங்கள் பிள்ளைக்கு என்ன தனித்திறமை?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பிள்ளைக்குக் கூட்டலே தகராறு. அவனுக்குப் பிடித்தது மேட்டூர் அணையின் நீர்மட்டம். காலையில் செய்தித்தாள் வந்ததும் அந்தச் சிறு பெட்டிச் செய்தியைத் தேடி, நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு மூன்றையும் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதுவான். புள்ளிக்குப் பிறகு வரும் எண்களையும் விடமாட்டான். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதைச் சொல்வான். அணையைப் பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால், குறுவை நெல் போடுகிற எங்கள் ஊர் விவசாயிகள் அத்தனை பேர் வாயிலும் அதே பேச்சுதானே? அந்த எண்கள் அவனுக்கு மகிழ்ச்சி தருகின்றன. அது திறமையாகவோ பிழைப்பாகவோ மாறித்தான் ஆகவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஹேடன் தாம் ஆட்டிசத்தில் நிபுணர் அல்லர் என்று கூறியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள வாசகர்கள் சிலர் இந்தச் சித்திரிப்பை ஏற்கவும் இல்லை. அவர்கள் சொல்வதற்கு நான் கூடுதல் மதிப்பளிப்பேன்.

அண்ணி ஆங்கில நாவல் வாசிப்பவர் இல்லை. கதை முழுவதையும் தமிழில் சொன்னேன். பையன் தனியாக ரயிலேறி லண்டன் போவதைக் கேட்டு வியந்தார். அவனைச் சமாளிக்க முடியாமல் தாய் வீட்டைவிட்டுப் போன இடம் வந்ததும், "அந்த அம்மாவுக்கு ஒத்தாசைக்கு யாருமே இல்லையா தம்பி?" என்று கேட்டார். அதன் பிறகு, நாவலில் அந்தத் தாய் மகனுக்கு எழுதும் கடிதங்களை மறுபடியும் வாசித்தேன். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மகன் மிரண்டு அலற, பஸ்ஸில் ஏற மறுக்கும் அவனை வீடுவரை நடத்தியே அழைத்துவருகிறாள். அண்ணியும் எங்கள் பஸ் நிலையத்திலிருந்து அப்படி நடந்து வந்திருக்கிறார். ஊர் எப்போதும் பிள்ளையைப் பற்றியே விசாரிக்கிறது. தாய் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பதில்லை. நாவலில் என்னை அதிகம் தொந்தரவு செய்த பகுதி இப்போது அதுதான்.

ஆங்கிலம் எளிமையானது, குட்டிக் குட்டி அத்தியாயங்கள், நடுநடுவே படங்களும் வரைபடங்களும் இருக்கின்றன. பிளஸ் டூ மாணவர்கள் தாராளமாக வாசிக்கலாம். நாய் வளர்ப்பவர்கள் மட்டும் முதல் பக்கத்துக்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.