டிக்கியில் கிடக்கும் அந்தக் கவரை எறிந்துவிடாதீர்கள்

கேள்வி: ஓடும்போது என் கார் குலுங்க ஆரம்பித்தது. பிக்கப் இல்லை, என்ஜின் விளக்கும் எரிந்தது. கராஜில் ஸ்கேன் செய்துவிட்டு பி0201 என்ற பிழைக் கோடு (code) வருகிறது, எரிபொருளைப் பீய்ச்சும் இஞ்செக்டர் போய்விட்டது என்றார்கள். பிளக், காயில், நான்கு இஞ்செக்டர் எல்லாம் மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடியது, மறுபடி அதே குலுங்கல், அதே கோடு. இப்போது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை மாற்ற வேண்டும் என்றதும் பயந்துபோய் வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதல் சிலிண்டர் இஞ்செக்டருக்குப் போகும் ஒயர் பிராக்கெட்டில் உராய்ந்து உள்ளே அறுந்திருக்கிறது என்று காட்டினார். ஒயரை ஒட்டியதும் சரியாகிவிட்டது. பழைய கராஜில் போய்க் கேட்டால், பத்துப் பேர் முன்னால் 'உங்களுக்கு வண்டியைப் பற்றி என்ன சார் தெரியும்' என்று அவமானப்படுத்தினார் முதலாளி. மாற்றிய பழைய இஞ்செக்டர்களை ஒரு கவரில் சுற்றி டிக்கியில் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்தாலே எரிகிறது. முழுப் பணமும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டும். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வேலைக்கு ஆவது அந்தக் கவர்தான். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், யாரிடமும் கொடுத்துச் சும்மா சோதித்துப் பார்க்காதீர்கள்.

காரணம் இதுதான். நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம், அங்கே காட்ட வேண்டியது சேவைக் குறைபாடு. மெக்கானிக் கோளாறைத் தவறாகக் கணித்தார் என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகாது. மருத்துவ அலட்சியம் பற்றி 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலை எதிர்த்தரப்பு வக்கீல் அப்படியே தூக்கிக்கொண்டு வருவார்: கணிப்பில் தவறுவது வேறு, அலட்சியம் வேறு. அந்தத் தொழிலில் இருக்கும் சாதாரண ஆள் செய்யும் சோதனையைச் செய்தாரா, செய்யாமல் பாகத்தை மாற்றினாரா? உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

பி0201 'இஞ்செக்டர் கெட்டது' என்று சொல்வதில்லை. முதல் சிலிண்டர் இஞ்செக்டரின் மின்சுற்றில் கோளாறு என்கிறது. அந்தச் சுற்றில் இஞ்செக்டர் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, ஈசியூவும் இருக்கிறது. மல்டிமீட்டரை இஞ்செக்டரின் இரண்டு முனையில் வைத்தால் பல பெட்ரோல் கார்களில் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். சரியான எண் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். இன்னும் எளிய வழி, முதல் இஞ்செக்டரைக் கழற்றி இரண்டாவதன் இடத்தில் போட்டுப் பார்ப்பது. கோடு பி0202 என்று இடம் மாறினால் இஞ்செக்டர் மேல் சந்தேகம். பி0201 ஆகவே நின்றால் ஒயர் பக்கம் போக வேண்டியதுதான். புது பாகம் எதுவும் வாங்காமலே செய்யக்கூடிய சோதனை இது. இஞ்செக்டர் மாற்றிய பிறகும் அதே பி0201 திரும்பி வந்தது என்றால், அப்போதாவது ஒயரைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஈசியூ என்றார்களே, அந்த இடம் அவர்களுக்குப் பலவீனமான இடம்.

மற்றதை ஒதுக்கிவையுங்கள். பத்துப் பேர் முன்னால் பேசியது வலிக்கும்தான், வழக்கில் அதற்குப் பெரிய எடை கிடையாது. மோசடிப் புகார் என்றால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். உங்களிடம் அது இல்லை. ஸ்டேஷனில் 'இது சிவில் விவகாரம்' என்று அனுப்பிவிடுவார்கள், அலைச்சல்தான் மிச்சமாகும்.

இனி, நான் பார்த்தவரை இந்த மாதிரி வழக்குகள் எங்கே கவிழ்கின்றன என்று சொல்கிறேன். எல்லாரும் நீங்கள் செய்ததைத்தான் செய்கிறார்கள். வண்டி இல்லாமல் முடியாது, வேறு கடைக்குப் போகிறார்கள், அவர் சரி செய்துவிடுகிறார், ஸ்கேனில் வந்த பிழைக் கோடையும் அழித்துவிடுகிறார். பிறகு வக்கீலிடம் வருகிறார்கள். அதற்குள் கோளாறு என்று காட்ட வண்டியில் ஒன்றுமே இல்லை. எதிர்த்தரப்பு பதில் மனுவில் ஒரு வரி எழுதுவார்கள்: 'நாங்கள் வண்டியைக் கொடுத்தபோது ஒயர் நன்றாக இருந்தது, அடுத்த மெக்கானிக் கை வைத்தபோது அறுந்திருக்கலாம்.' அதற்கு உங்களிடம் என்ன பதில்? நுகர்வோர் ஆணையம் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. உங்கள் கோபத்தைப் பார்த்து அல்ல.

இரண்டாவது மெக்கானிக் வந்து சொல்வாரே என்று நினைப்பீர்கள். போனில் மணிக்கணக்கில் சொல்வார். கையெழுத்துப் போடு என்றால் 'எதுக்கு சார் வம்பு' என்பார். ஒரே வட்டாரத்துத் தொழில், ஸ்பேர் வாங்குவதும் ஒரே கடையில், ஒருவருக்கு எதிராக இன்னொருவர் சாட்சி சொல்வது அபூர்வம். அவர் கொடுத்த பில்லிலும் 'எலக்ட்ரிகல் வேலை' என்று மட்டும்தான் இருக்கும். சூடு ஆறுவதற்குள் போய், என்ன கோடு வந்தது, எதைச் சோதித்தார், ஒயர் எந்த இடத்தில் அறுந்திருந்தது என்று அவர் லெட்டர்ஹெட்டில் நாலு வரி தேதியுடன் வாங்கிவிடுங்கள். ஒயரைப் போட்டோ எடுத்திருந்தால், எடுத்த போனிலேயே அசல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த நகல் மட்டும் போதும் என்று நினைத்து அவர் போனை மாற்றிவிட்டால் அவ்வளவுதான்.

அடுத்த பள்ளம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது கராஜில் எழுதும் வேலைச் சீட்டு. எடுத்துப் பாருங்கள். 'வாடிக்கையாளர் சொன்ன குறை' என்ற இடத்தில் 'வண்டி குலுங்குகிறது, விளக்கு எரிகிறது' என்று இருந்தால் நல்லது. 'இஞ்செக்டர் மாற்றவும்' என்று இருந்து, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால், கதையே வேறு. கவுண்டரில் நிற்கும்போது, யாரோ நண்பர் சொன்னார் என்று நாமே 'இஞ்செக்டரா இருக்கும்னு நினைக்கிறேன்' என்போம், எழுதுகிறவர் அதையே எழுதிவிடுவார். அப்புறம் அது அவர்கள் கணிப்பு இல்லை, உங்கள் ஆர்டர். வண்டியை எடுக்கும்போது 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வரியில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எல்லாரும் போடுகிறார்கள், அதனால் மட்டும் வழக்கு சாகாது. ஜாப் கார்டு சேர்ந்தால்தான் சாகும்.

சரி, அந்தக் கவருக்கு வருவோம். பழைய இஞ்செக்டர் நான்கும் நல்ல நிலையில் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால், அடுத்த மெக்கானிக் ஒயரை அறுத்தார் என்ற வாதம் அவர்களுக்குப் பயன்படாது. நல்ல பாகத்தை ஏன் மாற்றினாய் என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆனால் நீங்களாகக் கொண்டுபோய்ச் சோதித்தால் 'இது அந்த வண்டியிலிருந்து எடுத்ததே இல்லை' என்பார்கள். எனவே முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: இன்ன தேதியில், வண்டித் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் இவை சோதிக்கப்படும், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இரண்டும் உங்களுக்கு லாபம். பாகங்களின் மேல் இருக்கும் எண்களைக் கடிதத்திலேயே குறித்துவிடுங்கள்.

வண்டி உங்கள் சொந்த உபயோகத்துக்குத்தானே? வாடகைக்கு விட்டிருந்தாலோ பில் கம்பெனி பெயரில் இருந்தாலோ 'வணிக நோக்கம்' என்று முதல் நாளே தடை எழுப்புவார்கள், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, ஆகவே புகார் மனுவுக்கு அவசரமில்லை. சாட்சியம்தான் காத்திருக்காது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், என் யோசனை சமரசம். கணக்கைப் பாருங்கள். பிளக் எப்படியும் மாற்ற வேண்டிய பொருள், அது கிடைக்காது. நான்கு புது இஞ்செக்டர் இன்னும் உங்கள் வண்டியில்தான் ஓடுகிறது. முழு விலையும் திரும்பக் கேட்டால் 'அப்படியானால் கழற்றிக் கொடுங்கள்' என்று ஆணையத்திலேயே கேட்பார்கள். கோடு காட்டியது முதல் சிலிண்டரை மட்டும். செட்டாக மாற்றுவதுதான் வழக்கம் என்று அவர்கள் சொல்வார்கள், அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மன உளைச்சலுக்கு ஏதோ ஒரு சிறு தொகை கிடைக்கலாம். இதற்காக வாய்தா வாய்தாவாக நடப்பதைவிட, லேபர் முழுவதும், இஞ்செக்டர் விலையில் பாதி என்று கேட்டு அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கி வாங்கிக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். சோதனைக்கான கடிதம் போனதுமே பெரும்பாலும் போன் வரும். அந்த போன் வருவதற்குள் கராஜ் பெயரைப் போட்டு வீடியோ, ரிவ்யூ என்று இறங்கிவிடாதீர்கள். பணம் தரத் தயாராக இருந்தவர் அவதூறு நோட்டீஸோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

'அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்கிறோம்' என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடைக்கு இனி வண்டியைக் கொண்டுபோகப் போவதில்லை, பிறகு எதைக் கழிப்பது? பணமாக, வங்கி வழியாக வாங்குங்கள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கேட்பார்கள், எழுதிக் கொடுக்கலாம். ஆனால் தொகை கணக்கில் ஏறிய பிறகு மட்டும். குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் மீதிக்கான உரிமை முடிந்துவிடும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 63. பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால், மீதியைக் கேட்க நான் கூட உங்களுக்கு ஆஜராக மாட்டேன்.