பட்டம் வாங்கினவன் பட்டம் விடப் போறானாம்!

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் நண்பர்களோடு இலங்கையில் கல்பிட்டிக்குப் போனவன் கைட்போர்டிங் என்று, பெரிய பட்டம் இழுக்கக் கடலில் பலகைமேல் சறுக்குகிற ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் நாலு தடவை போய்விட்டான். இப்போது வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கி, அதற்கு வாத்தியார் ஆகிற சர்டிஃபிகேட் வாங்கப் போகிறானாம். "பட்டம் வாங்க வச்சேன், பட்டம் விடப் போறேங்கிறான்" என்று அவன் அப்பச்சி (அப்பா) சாப்பாட்டில் கோபத்தைக் காட்டுகிறார். நிஜமாகவே இது ஒரு தொழிலா?
— ஒரு தாய், கோட்டையூர்

பதில்: ஆச்சி, நானும் இப்படி ஒரு கோபத்தைச் சம்பாதித்தவன்தான். தேவகோட்டைக்காரன். 31 வயதில் இதே கல்பிட்டியில் இதே பயிற்சியை எடுத்தேன். மே முதல் அக்டோபர் வரை அங்கே, நவம்பரில் வியட்நாமின் முய்னே என்று ரெண்டு வருஷம் காற்றின் பின்னால் ஓடிப் பாடம் சொன்னேன். தொழில்தான். ஆனால் உங்கள் பிள்ளை நினைக்கிற தொழில் இல்லை.

பட்டம் என்றதும் மொட்டைமாடியில் விடுகிற காகிதப் பட்டத்தை நினைக்காதீர்கள். காற்றடைத்த குழாய் வைத்துத் தைத்த 9, 12 சதுர மீட்டர் துணி. இருபது மீட்டருக்கு மேல் நீளமான நாலு கயிறு. இடுப்பில் கட்டிய ஹார்னஸில் அந்த இழுப்பு மாட்டியிருக்கும், காலடியில் பலகை. காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகம் தாண்டினால் ஆளைத் தண்ணீரிலிருந்து பிய்த்துத் தூக்கும். 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் இதிலும் பந்தயம் நடந்தது, மார்சேய் கடலில். இதை மட்டும் அப்பச்சியிடம் சொல்லிப் பாருங்கள், சாப்பாடு கொஞ்சம் இறங்கும்.

சர்டிஃபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.கே.ஓ. என்கிற சர்வதேச அமைப்பின் அட்டைதான் அதிக நாடுகளில் செல்லும். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், முதலுதவிச் சான்று கையில் இருக்க வேண்டும், காற்றை எதிர்த்து ரெண்டு பக்கமும் ஏறிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் தெரிய வேண்டும். நாலு தடவை போனவனுக்கு இந்தக் கடைசி விஷயம் கைவந்துவிட்டதா என்று கேளுங்கள். "பக்கத்தில்தான் கரையேறுவேன்" என்று இழுத்தால் இன்னும் ஒரு சீசன் பாக்கி இருக்கிறது.

எடுத்ததும் வாத்தியாரும் ஆக்கிவிட மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன காலத்தில், போன பையனை உடனே மேலாளாகவா உட்கார வைத்தார்கள்? பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அதற்கப்புறம்தான் மேலாள். இங்கேயும் முதலில் அடுத்தாள் வேலைதான். ஒரு வாத்தியாருக்குப் பின்னால் நின்று பட்டத்துக்குக் காற்றடிப்பது, பிடித்துக்கொடுப்பது, இறங்கும்போது வாங்கிக்கொள்வது. கட்டைவிரலை உயர்த்தினால் ஏற்று, உச்சந்தலையைத் தட்டினால் இறக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவை தலையைத் தட்டுவார்கள். சிங்கப்பூர் சம்பளம் வாங்கிய கை அந்த பம்பைப் பிடித்து அடிக்கச் சம்மதிக்குமா? அதுதான் உண்மையான பரீட்சை.

நான் அந்தப் பரீட்சையில் தேறினேன், அடுத்ததில் தோற்றேன். நிஜ மாணவர் ஒருவரை வைத்து நான் பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். காற்றுக்குள் பட்டம் எங்கே நின்றால் இழுக்கும், எங்கே நின்றால் இழுக்காது என்று மணலில் கோடு போட்டு விளக்கினேன். விளக்கினேன், விளக்கிக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷர் பாவம், வெயிலில் தலையாட்டினார். முடித்ததும் பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்வி: "பட்டம் எப்போது ஏறியது?" ஏறவே இல்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாடம் நடத்தித்தான் தேறினேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுவதில் ஒன்றுமில்லை. எதிரே இருப்பவரின் விரல், பட்டத்தை ஓட்டுகிற கைப்பிடிக் கம்பியான பாரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். பயந்தவர் பாரைத் தன் பக்கம் இழுப்பார், இழுத்தால் பட்டத்தின் விசை கூடும், விசை கூடினால் இன்னும் பயம். "விடுங்க" என்ற ஒரு சொல் சரியான நொடியில் வாயில் வர வேண்டும்.

அப்புறம் கயிறு. ஒவ்வொரு தடவையும் பாரிலிருந்து பட்டம் வரை நடந்து, விரல்களுக்கு இடையில் நாலு கயிற்றையும் தனித்தனியாக ஓடவிட்டுச் சிக்குப் பார்ப்போம். கண்டாங்கி நெய்கிறவர்கள் பாவுநூலில் கை ஓட்டுவது போல. ஒரு குறுக்கு இருந்தாலும் ஏற்றிய மறுநொடி பட்டம் தலைகீழாக அடிக்கும். ஆபத்து வந்தால் முதலில் பாரை விட வேண்டும், அடங்கவில்லை என்றால் இடுப்பிலுள்ள க்விக் ரிலீஸ் என்கிற அவசரப் பூட்டைத் தள்ள வேண்டும், அதுவும் போதாவிட்டால் கடைசிக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தைக் கடலுக்குத் தாரை வார்க்க வேண்டும். தரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசுகிற நாளில் ஏறவே கூடாது. இவ்வளவும் தெரிந்தவன் கையில் பிள்ளை இருக்கிறான் என்றால் நீங்கள் தூங்கலாம்.

பணம்? பல இடங்களில் பாடம் எடுத்த மணிக்குத்தான் காசு. காற்று இல்லையென்றால் காசும் இல்லை. பயிற்சி எடுக்கப் போகிற சுற்றுலா விசாவில் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கக் கூடாது, அதற்கு வேலை விசா வேண்டும். பள்ளிக்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொன்னால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். என்னிடமும் ஒருவர் அப்படிச் சொன்னார், ஒன்றரை மாதச் சம்பளம் வரவில்லை, யாரிடம் போய் முறையிடுவது? இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கைட்போர்டிங் என்று பெயர் போட்டு எடுக்க வேண்டும். மற்றபடி கல்பிட்டியில் பயப்பட ஒன்றுமில்லை, கடைத்தெருவில் தமிழ் பேசியே மீன்குழம்பு வாங்கலாம்.

என் யோசனை: வேலையை விட வேண்டாம், சம்பளமில்லாத லீவு கேட்கட்டும். அடுத்தாளாக ஒரு காற்றுக்காலம் முழுக்க நிற்கட்டும். அக்டோபரிலும் அவன் பம்பை அடித்துக்கொண்டிருந்தால் அப்பச்சியிடம் நானே பேசுகிறேன்.

கேள்வி: பெண்கள் இதைக் கற்க முடியுமா? கையில் அவ்வளவு பலம் இல்லையே. ஊருணியில் நீந்தத் தெரியும், கடல் பழக்கமில்லை.
— காரைக்குடி வாசகி, 22 வயது

பதில்: இழுப்பைத் தாங்குவது இடுப்பு, கை இல்லை. ரெண்டு விரலால் பாரைப் பிடிக்கிறவர்தான் நன்றாக ஓட்டுவார். இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை, ராமேஸ்வரத்திலேயே பள்ளி இருக்கிறது. ஊருணி நீச்சலோடு நிற்காமல் கடலில் ரெண்டு நாள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து பழகுங்கள். முதல் நாட்களில் பலகையைத் தொட விடமாட்டார்கள், பட்டம் இழுக்க வெறும் உடம்போடு தண்ணீரில் இழுபடத்தான் விடுவார்கள். உப்புத்தண்ணீர் குடிப்பீர்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். என் கண்ணாடி ரெண்டு இன்னும் புத்தளம் களப்பில்தான் கிடக்கின்றன.