ஹெல்சிங்கியின் மர ஹோட்டலில் தங்கலாமா? கேள்வி பதில்

ஹெல்சிங்கி துறைமுகத்தையொட்டி, கத்தயனொக்கா பகுதியின் கடல் விளிம்பில், 2024இல் ஒரு பெரிய மரக் கட்டடம் திறக்கப்பட்டது. ஒரு பகுதியில் ஸ்தோரா என்சோ என்ற மர, காகித நிறுவனத்தின் தலைமையகம். இன்னொரு பகுதியில் சோலோ சோக்கோஸ் பியர் 4 என்ற ஹோட்டல். நான் இந்த ஊரில் வசிப்பவன், கட்டடங்களின் வெப்பமூட்டலும் காற்றோட்டமும் என் தொழில். இங்கே வந்து தங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: ‘துண்டைத் துவைக்கப் போடாதீர்கள், பூமியைக் காப்போம்’ என்று எல்லா ஹோட்டல்களிலும் அட்டை வைக்கிறார்கள். இந்த ஹோட்டலும் அந்த ரகம்தானா?

பதில்: அந்த அட்டையைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். துண்டைத் துவைக்காமல் விடுவதில் மிச்சமாவது முதலில் சலவைச் செலவு. ஒரு ஹோட்டலின் உண்மையான கணக்கு மூன்று இடங்களில் இருக்கிறது: கட்டடத்தை எதனால் கட்டினார்கள், எப்படிச் சூடேற்றுகிறார்கள், விருந்தினர் அங்கே எப்படி வந்து சேர்கிறார்கள்.

முதல் விஷயத்தில் இந்தக் கட்டடம் தேறிவிடுகிறது. சிமெண்டும் எஃகும் தயாரிக்கும்போதே ஏராளமான கரியமில வாயு வெளியேறும். மரமோ வளரும்போது உறிஞ்சிய கார்பனைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. இங்கே ஏறத்தாழ 7,600 கன மீட்டர் மரம் இருக்கிறது. சுமார் 6,000 டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பன் அதில் அடங்கியிருக்கிறது. முழுக்க மரம் என்று நினைத்துவிட வேண்டாம், கடலோர மண்ணில் அடித்தளம் கான்கிரீட்தான். வரவேற்புக் கூடத்தில் நிற்கும்போது ஒரு தூணின் அருகே போய்ப் பாருங்கள். ஒரே மரத்தில் அறுத்தது போலத் தெரியாது. மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்தாள்களைப் பசையிட்டு அழுத்திய நெருக்கமான கோடுகள் தெரியும். சுவர்களுக்கும் தளங்களுக்கும் பலகைகளை ஒரு அடுக்கு நெடுக்கும் அடுத்த அடுக்கு குறுக்குமாக ஒட்டுகிறார்கள். அதனால்தான் ஈரப்பதம் மாறினாலும் மரம் அவ்வளவாக முறுக்கிக்கொள்வதில்லை.

கேள்வி: மரக் கட்டடம் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி ‘தீப்பிடித்தால்?’ நான் கேட்ட கேள்வி ‘கரையான்?’ இரண்டுக்கும் பதில் வேண்டும்.

பதில்: உங்கள் கவலை சுலபமானது. பின்லாந்தின் குளிரில் கரையான் கிடையாது. இங்கே மரத்துக்கு எதிரி ஈரம். கட்டும்போது நனையவிட்டால் பிறகு பூஞ்சை பிடிக்கும்.

உங்கள் மனைவியின் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். சுள்ளி எரிவதும் பெரிய உத்தரம் எரிவதும் ஒன்றல்ல. கனத்த மரத்தில் தீப்பட்டால் வெளிப்பக்கம் கரியாகும். அந்தக் கரியே கவசமாகி உள்ளிருக்கும் மரத்துக்கு வெப்பம் போவதைத் தாமதப்படுத்தும். பொறியாளர்கள் கணக்குப் போடும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர், அதாவது ஒரு மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர் சொச்சம். அந்த அளவு எரிந்து போனாலும் மிச்சமுள்ள மரம் பாரத்தைத் தாங்குமாறு தூணின் பருமனை முடிவு செய்கிறார்கள். பூச்சு இல்லாத எஃகுச் சட்டம் 550 டிகிரியை நெருங்கும்போதே வலிமையில் கணிசமான பகுதியை இழந்து வளையத் தொடங்கிவிடும். மேலும், பின்லாந்தின் பல மாடி மரக் கட்டடங்களில் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு இருந்தாக வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் அவசர வழியைப் பார்த்துவைப்பது எந்த ஹோட்டலிலும் நல்ல பழக்கம். அதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: மரத் தளம் என்றால் மேல் அறைக்காரர் நடப்பது கேட்குமே?

பதில்: நியாயமான சந்தேகம். எடை குறைந்த தளத்தில் காலடி ஓசை கீழே இறங்குவது மரக் கட்டுமானத்தின் பலவீனம். அதற்காகவே மேலே கூடுதல் அடுக்குகள் போட்டு அடக்குகிறார்கள். தூக்கம் எளிதில் கலைகிறவராக இருந்தால் கடைசி மாடியில் அறை கேளுங்கள்.

கேள்வி: எழுபது வயதான அப்பா, அம்மாவை அழைத்து வருகிறேன். வெளிப்படையாகவே கேட்கிறேன், கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா? குடிநீரை வாங்க வேண்டுமா?

பதில்: தயங்காமல் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு டம்ளரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பின்லாந்து இந்த விஷயத்தில் நம் பக்கம். வீடுகளிலும் பெரும்பாலான ஹோட்டல்களிலும் கழிப்பறை அருகே கைத்தெளிப்பான் தொங்கும். ஒரு நுணுக்கம்: பல இடங்களில் கைகழுவும் குழாயைத் திறந்தால்தான் அதில் தண்ணீர் வரும். அப்பாவிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

குடிநீர் வாங்கவே வேண்டாம். பையென்னே என்ற ஏரியிலிருந்து பாறையைக் குடைந்த 120 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் நகரத்துக்கு வந்து சுத்திகரிக்கப்படுகிறது. குளிர்நீர்க் குழாயிலிருந்து பிடித்துக் குடியுங்கள். வெந்நீர்க் குழாய் குடிப்பதற்கல்ல. ஆசைக்கு ஒரு பாட்டில் பானம் வாங்கினால் விலையோடு முன்பணமும் பிடிப்பார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அரை லிட்டருக்கு 20 சென்ட், ஒரு லிட்டருக்கு மேற்பட்டதற்கு 40 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

பெரியவர்கள் வருவதால் இன்னொன்று. அந்தப் பகுதியில் கல் பாவிய தெருக்கள் அதிகம். மத்திய ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை என்று வரைபடம் சொல்லும். சக்கரப் பெட்டியை இழுத்தால் அது நீளும். கத்தயனொக்காவுக்கு 4ஆம் எண் டிராம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் அரை மணி நேரம், ஏ, பி, சி என்ற மூன்று கட்டண மண்டலங்களுக்குமான டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: ஜனவரியில் வருகிறேன். சூழல் என்ற பெயரில் அறையில் நடுங்க விடுவார்களோ?

பதில்: நடுங்குவது டெல்லி டிசம்பரில்தான் நடக்கும், இங்கே நடக்காது. மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல். வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் இயந்திரம். புதிய கட்டடங்களில் இவை சாதாரணம். அதற்குப் பின்னால் ஊரே ஒரு வெந்நீர்க் குழாய் வலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கத்ரி வாலா பூங்காவின் அடியில் உள்ள நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீரின் வெப்பத்தைக்கூட உறிஞ்சி அந்த வலைக்குள் அனுப்புகிறார்கள். நீங்கள் குளித்து விட்ட நீரின் சூடு இன்னொருவர் வீட்டை வெதுவெதுப்பாக்கும். நகரின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2025இல் மூடப்பட்டது. குளிருக்குத் தயாராக வேண்டிய இடம் தெருதான். பனிக்கட்டியில் வழுக்காத காலணி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். காலை உணவுக்கு என்ன வழி?

பதில்: கம்பு நிறத்தில் இருக்கும், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, பெர்ரிப் பழங்கள், தயிர். அரிசிக் கஞ்சியை ரை மாவுத் தகட்டில் வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரத்தை, முட்டை சேர்க்கவில்லையே என்று கேட்டுக்கொண்டு எடுக்கலாம்; பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் வெண்ணெயில் முட்டை கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். கடைகளில் ‘பீமா’ என்று கிடைப்பது கெட்டி மோர். உப்புப் போட்டால் நம்முடையதேதான்.

கேள்வி: சௌனா என்கிற வெப்பக் குளியலுக்குத் துணியில்லாமல்தான் போக வேண்டுமாமே?

பதில்: ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியான சௌனாவில் அதுதான் வழக்கம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். பலகையில் துண்டு விரித்து உட்காருவது மட்டும் கட்டாயம். அருகிலேயே, சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில், 2016 முதல் ‘அல்லாஸ்’ மிதவைக் குளம் இருக்கிறது. சூடேற்றிய குளம் ஒன்று, கடல்நீர்க் குளம் ஒன்று. நீச்சலுடையில் இறங்கலாம்.

கேள்வி: கடலோரத்தை ஹோட்டலுக்குத் தாரைவார்த்துவிட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கோபப்படவில்லையா?

பதில்: இந்தக் கரையில் சண்டை பழையது. 2010இல் ஸ்விஸ் கட்டடக்கலைஞர்கள் வரைந்த ஒரு ஹோட்டலை நகரமன்றம் நிராகரித்தது. 2012இல் குகன்ஹைம் அருங்காட்சியகத் திட்டமும் விழுந்தது. அதற்கு வெகு முன்பே, 1962இல், பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்டோ கட்டிய வெள்ளைப் பளிங்கு அலுவலகத்தை மக்கள் ‘சர்க்கரைக் கட்டி’ என்று கேலி செய்தார்கள். அதில் இருந்த நிறுவனத்தின் வாரிசுதான் இப்போது மரக் கட்டடத்தில் இருக்கிறது. அந்த இத்தாலியப் பளிங்கு பின்லாந்தின் குளிரில் வளைந்துபோய் மாற்ற வேண்டியதாயிற்று. ஓர் ஊரின் பருவநிலைக்குத் தகுந்த பொருள் எது என்ற பாடத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். புதிய கட்டடத்தின் மேல்தளத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவைத்திருப்பது எதிர்ப்பைக் கொஞ்சம் தணித்தது என்பது என் கணிப்பு.

கேள்வி: சென்னையிலிருந்து விமானத்தில் பறந்து வந்து மர ஹோட்டலில் தங்குவது பாசாங்கு இல்லையா?

பதில்: பாதி உண்மை. நீங்கள் பறந்து வரும் கணக்கை எந்த ஹோட்டலும் ஈடுகட்ட முடியாது. ‘கார்பன் சமநிலை’ என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆதாரமில்லாத பசுமை வாசகங்களையும் மரம் நட்டு ஈடு செய்தோம் என்ற கோரல்களையும் தடுக்கும் ஐரோப்பிய விதி 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதுவரை கிரீன் கீ, நோர்டிக் அன்னம் போன்ற வெளியார் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வந்தால் ஒரு வாரமாவது இருங்கள். உள்ளூரில் எதற்கும் டாக்சி தேவைப்படாது. சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் படகு சந்தைச் சதுக்கத்திலிருந்து கால் மணி நேரம், சாதாரணப் பயண டிக்கெட்டே போதும்.

கேள்வி: அடுத்து ஸ்டாக்ஹோம் போக வேண்டும். விமானமா, கப்பலா?

பதில்: கப்பல். இரவு தூங்கி எழுந்தால் ஸ்வீடன். கத்தயனொக்கா முனையம் ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரம்தான். பயணச் சீட்டில் முனையத்தின் பெயரை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஊரில் வேறு முனையங்களும் இருக்கின்றன.