சும்மா ஓடும் ஜெனரேட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பெட்ரோல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தானாகவே ஓடி வீட்டுக்கே மின்சாரம் தரும் இயந்திரம். அதனால் சோலார், இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீடியோவை மட்டும் அனுப்பிவிட்டு, “இது உண்மையா சார்?” என்று ஒரு வரி கேட்டவர்கள் பலர். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பதில்: இல்லை.

கே: கம்ப்யூட்டர் ஃபேனில் நாலு காந்தத்தை ஒட்டினால் தானாகச் சுற்றி எல்இடி பல்பு எரிகிறது. காந்தத்துக்குச் சக்தி இருக்கிறதுதானே? (திண்டுக்கல்)

ப: காந்தத்துக்கு விசை இருக்கிறது. விசை இருந்தால் வேலை நடந்துவிடாது. சுவரில் அடித்த ஆணி வருஷம் முழுக்க நாள்காட்டியைத் தாங்குகிறது. ஆணிக்கு யாரும் தீனி போடுவதில்லை. காந்தம் இரும்பை இழுக்கும்போது கொஞ்சம் ஆற்றல் கிடைக்கும், அதைப் பிரித்தெடுக்கும்போது அதே அளவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் கணக்கு பூஜ்யம். உள்ளங்கை அளவு நியோடிமியம் காந்தத்தில் மொத்தமாகச் சேர்ந்திருப்பதே ஏதோ பத்து இருபது ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). உங்கள் செல்போன் பேட்டரியில் ஐம்பதாயிரம் ஜூல் இருக்கிறது. வீடியோவில் ஃபேன் சுற்றுகிறது என்றால் மேசைக்கு அடியில் பேட்டரியோ மின்கம்பிச் சுருளோ இருக்கும், இல்லாவிட்டால் படத்துக்கு வெளியிலிருந்து யாரோ ஊதுகிறார்கள்.

கே: பேட்டரி ஸ்கூட்டரின் முன் சக்கரத்தில் டைனமோ வைத்தால் ஓடும்போதே சார்ஜ் ஏறுமே, ஏன் யாரும் செய்யவில்லை? (திருப்பூர்)

ப: ஏறும். அதைவிட அதிகமாகப் பேட்டரியிலிருந்து இறங்கும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் மட்டும் லாபம் உண்டு. அதைப் பல ஸ்கூட்டர்களில் மோட்டாரே செய்துகொள்கிறது.

கே: ஐயா, என் மாமா ஒரு ஃபேக்டரிக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு எச்பி மோட்டார், பெரிய ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்), பெல்ட், மின்சாரம் உண்டாக்க 10 கிலோவாட் ஆல்டர்னேட்டர். வரிசையாகப் பல்பு எரிந்ததாம், மீட்டரில் 230 வோல்ட் காட்டியதாம். மாவட்ட டீலர்ஷிப்புக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கரூர்)

ப: கொடுக்கக் கூடாது. இந்த வரியை மட்டும் மாமாவிடம் காட்டினாலும் போதும். ஆனால் இந்த ஃப்ளைவீல் விவகாரத்தில் எனக்குப் பல நாள் கோபம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு எச்பி என்றால் சுமார் 750 வாட். அதைத் தர மோட்டார் கரண்டிலிருந்து ஆயிரம் வாட் எடுக்கும். பெல்ட்டில் கொஞ்சம், ஆல்டர்னேட்டரில் கொஞ்சம் போனால் கடைசியில் 550 வாட் வந்தாலே நல்ல சாமான் என்று சொல்வேன். நடுவில் உள்ள ஃப்ளைவீல் எதையும் உற்பத்தி செய்வதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். எவ்வளவு வைத்துக்கொள்ளும்? நூறு கிலோ எடை, ஒரு மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 300 சுற்று என்று வையுங்கள். சுமார் 6,000 ஜூல் வரும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆக, ஒரே ஒரு யூனிட்டைச் சேர்த்து வைக்க அந்த மாதிரி 600 சக்கரம் வேண்டும்.

சரி, பல்பு எப்படி எரிந்தது? பத்து வாட் எல்இடி பத்து போட்டால் நூறு வாட். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சக்கரம் அதை ஒரு நிமிடம் எரியவைக்கும். பார்க்கிறவர் வாயைப் பிளக்க ஒரு நிமிடம் தாராளம். அதே இடத்தில் ஒரு அயர்ன் பாக்ஸை மாட்டியிருந்தால் ஆறு வினாடியில் எல்லாம் முடிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்காமலே காட்டினார்கள் என்றால் அதில் வியப்பே இல்லை, நூறு வாட் எரிய அதைவிட அதிகமாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வாட் வேறு, யூனிட் வேறு. இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த வாரம் “எங்கள் வீட்டுக்கு எத்தனை வாட் யூனிட் வேண்டும்” என்று கடிதம் வருகிறது. வாட் என்பது வேகம், யூனிட் என்பது அளவு. ஃப்ளைவீலால் அரை வினாடிக்குப் பத்து கிலோவாட் தர முடியும். பட்டறையில் இருக்கும் பவர் பிரஸ் வேலை செய்வதே அப்படித்தான். சின்ன மோட்டார் மெதுவாகச் சேர்த்துவைத்ததைச் சக்கரம் ஒரே அடியில் இறக்குகிறது. அந்த அரை வினாடியைக் காட்டி ‘பத்து கிலோவாட் ஜெனரேட்டர்’ என்று விற்பதுதான் தந்திரம். இந்தக் குழப்பத்தில் அமெரிக்க நாடாளுமன்றமே மாட்டியிருக்கிறது. காரபெட் கிராகோசியன் என்பவரின் ‘இலவச ஆற்றல்’ கண்டுபிடிப்பைச் சோதிக்கத் தீர்மானம் போட்டு, 1918இல் அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்தும் போட்டார். விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தால் உள்ளே இருந்தது பெரிய ஃப்ளைவீல்! மெதுவாக ஏற்றி வேகமாக இறக்கியதை அந்த மனிதர் உற்பத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏமாற்றுக்காரராகத் தெரியவில்லை. வாட்டையும் யூனிட்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்.

எல்லோரும் அப்படி அப்பாவிகள் அல்ல. சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் 1812இல் ஃபிலடெல்ஃபியாவில் தானாக ஓடும் இயந்திரத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். அங்கே சந்தேகம் கிளம்பியதும் நியூயார்க் போனார். 1813இல் அதைப் பார்க்க வந்தவர் நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன். சக்கரம் ஒரே சீராக ஓடாமல் விட்டு விட்டு இழுப்பதைக் கவனித்தார். கையால் சுற்றும் கிராங்கின் ஓட்டம் அது என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் இருந்த மரச் சட்டங்களைப் பிடுங்கினார். சுவருக்குள் ஒரு நரம்புக் கயிறு போனது. அதன் மறுமுனையில், மாடியில், ஒரு கிழவர் ஒரு கையால் ரொட்டியைத் தின்றுகொண்டே மறு கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

மீட்டர் 230 வோல்ட் காட்டியதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். லோடு இல்லாமல் வோல்டேஜ் காட்டுவதற்கு ஒரு ஜெனரேட்டரும் சிரமப்படுவதில்லை. மல்டிமீட்டரை நம்பவே வேண்டாம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எல்லா இடத்திலும் வாட் வந்துவிடாது. பவர் ஃபேக்டர் கெட்டிருந்தால், அதாவது வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே தாளத்தில் ஏறி இறங்காவிட்டால், ஒரு தப்பு; அலை வடிவம் கோணலாக இருந்தால் இன்னொரு தப்பு. தண்ணீரை நம்புங்கள். ஒரு அண்டாவில் இருபது லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஆயிரம் வாட் இம்மர்ஷன் ஹீட்டர் பத்தைப் போடச் சொல்லுங்கள். உண்மையிலேயே பத்து கிலோவாட் என்றால் பத்து நிமிடத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும். ஓடும்போது தண்ணீரில் கையை வைக்காதீர்கள். அப்புறம், மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி அந்த ஆல்டர்னேட்டரிலேயே சொருகச் சொல்லுங்கள். பத்து கிலோவாட் தரும் இயந்திரத்துக்கு ஒரு கிலோவாட் மோட்டாரை ஓட்டுவது ஒரு விஷயமா? ஒரு மணி நேரம் ஓடட்டும். “டெக்னீஷியன் ஊரில் இல்லை”, “கண்ட்ரோலர் போர்டு மாற்ற வேண்டும்” என்று ஆரம்பித்தால் மாமாவைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: கரண்ட் பில்லைப் பாதியாக்கும் ‘பவர் சேவர்’ பிளக் வாங்கலாமா? (மதுரை)

ப: வேண்டாம். உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, கெபாசிட்டர் அதைக் குறைக்காது. பச்சை விளக்குக்கு ஆகும் கரண்ட்தான் கூடுதல்.

கே: நிகோலா டெஸ்லா உலகத்துக்கே இலவச மின்சாரம் தரக் கோபுரம் கட்டினார், முதலாளிகள் இடித்துவிட்டார்கள் என்கிறார்களே? (பாளையங்கோட்டை)

ப: வார்டன்கிளிஃப் கோபுரத்தைச் சொல்கிறீர்கள். 1901இல் லாங் ஐலண்டில் ஆரம்பித்தார், ஜே.பி. மார்கன் கொஞ்சம் பணம் போட்டார், மேலும் போட மறுத்தார், 1917இல் இடித்தார்கள். அது கம்பியில்லாமல் செய்தியையும் மின்சாரத்தையும் அனுப்பும் முயற்சி. அனுப்புவது வேறு, உண்டாக்குவது வேறு. அனுப்ப வேண்டிய மின்சாரத்தை ஒரு மின் நிலையம் தயாரித்தே ஆக வேண்டும் என்பது டெஸ்லாவுக்கு நன்றாகத் தெரியும். நயாகராவில் தண்ணீர் விழுந்துதான் அவர் முறையிலான ஜெனரேட்டர்கள் சுற்றின.

கே: ஒன்றரை டன் ஏசி 1,500 வாட் எடுத்துக்கொண்டு 5,000 வாட் அளவுக்குக் குளிர்விக்கிறது. போட்டதைவிட மூன்று மடங்கு வருகிறதே, இது மட்டும் எப்படி? (சென்னை, கல்லூரி மாணவி)

ப: இந்தக் கடிதக் கட்டிலேயே உருப்படியான கேள்வி இது. ஏசி வெப்பத்தை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. உள்ளே இருப்பதை வெளியே கடத்துகிறது. கூலி 1,500, கடத்திய சரக்கு 5,000. அப்படியானால் வெளியே தள்ளும் 6,500 வாட் வெப்பத்தை வைத்து ஒரு எஞ்சினை ஓட்டி அந்த 1,500ஐத் திரும்ப எடுக்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏசியின் வெளிப்புறக் குழாய்ச் சுருள் 50 டிகிரி, அறை 25 டிகிரி. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் போட்டுவைத்த வரம்புப்படி இந்த வித்தியாசத்தில் எந்த எஞ்சினும் நூற்றுக்கு எட்டுக்கு மேல் எடுக்க முடியாது. கணக்குப் போட்டால் 500 வாட். குறையே இல்லாத எஞ்சினாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பும். கார்னோவைப் பாடப் புத்தகத்தில் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். இந்த ஏசியை வைத்து ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கே: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சின்ன டர்பைன் வைத்தால் வீட்டு விளக்குக்காவது ஆகுமா? (கும்பகோணம்)

ப: ஆயிரம் லிட்டர், பத்து மீட்டர் உயரம்: 0.03 யூனிட் கூட வராது. ஒரு எல்இடி பல்பு மூன்று மணி நேரம் எரியும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற உங்கள் பம்பு அதைப் போல் இரண்டு மடங்காவது குடித்திருக்கும். குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று வீட்டில் திட்டும் வாங்குவீர்கள்.

கே: தண்ணீரை ஹைட்ரஜனாகப் பிரித்து எஞ்சினுக்கு விடும் கிட் 12,000 ரூபாய். மைலேஜ் 40 சதவீதம் கூடும் என்கிறார்கள். ஸ்டான்லி மேயர் தண்ணீரில் கார் ஓட்டினாராமே? (சேலம், டாக்ஸி ஓட்டுநர்)

ப: தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். ஒரு லிட்டரைப் பிரிக்கக் குறைந்தது 4.4 யூனிட் செலவாகும். எரித்தால் அதிகபட்சம் அதே 4.4 திரும்பும். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரை ஓட்டுவது எஞ்சின், எஞ்சினை ஓட்டுவது பெட்ரோல். ஒவ்வொரு படியிலும் கழிந்து, பத்துப் பங்கு பெட்ரோலைச் செலவழித்து ஒரு பங்கு வாயு எடுக்கிறீர்கள். கிட் இழுக்கும் பத்து ஆம்பியரில் வரும் வாயு, எஞ்சின் எரிக்கும் எரிபொருளில் ஐந்நூறில் ஒரு பங்கு கூட இருக்காது.

ஸ்டான்லி மேயரைப் பற்றி: முதலீட்டாளர் இருவர் வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் தண்ணீரைப் பிரிக்கும் அவருடைய ‘செல்’லைப் பார்த்து, சாதாரண மின்னாற்பகுப்புதான் (கரண்ட் விட்டுத் தண்ணீரைப் பிரிப்பது) என்றார்கள். 1996இல் ஓஹாயோ நீதிமன்றம் மோசடி என்று தீர்ப்புச் சொல்லி 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998இல் அவர் இறந்தபோது விஷம் வைத்தார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் வந்தது மூளை ரத்தக்குழாய் வெடிப்பு. 12,000 ரூபாய்க்கு டயரில் சரியான காற்றும் நேரத்துக்கு சர்வீஸும் பாருங்கள்.

கே: காப்புரிமை எண் காட்டுகிறார்கள். அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்றுதானே அர்த்தம்? (ஈரோடு)

ப: பெரும்பாலும் அது விண்ணப்ப எண், அதாவது ரசீது. இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதையும் கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. பாரிஸ் அறிவியல் கழகம் இந்த ரக இயந்திரங்களைப் பரிசீலிக்க மாட்டோம் என்று கதவைச் சாத்தியது 1775இல்.

கே: எண்ணெய் கம்பெனிகள் அமுக்கிவிடுவதால்தான் வெளியே வருவதில்லை. இதை மறுக்க முடியுமா? (பெயர், ஊர் எழுதவில்லை)

ப: ஊராவது எழுதியிருக்கலாம். அயர்லாந்தின் ஸ்டியோர்ன் கம்பெனி 2006இல் எகனாமிஸ்ட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ‘எங்கள் இயந்திரத்தைச் சோதிக்க விஞ்ஞானிகள் வாருங்கள்’ என்று கூப்பிட்டது. அமுக்க யாரும் வரவில்லை, சோதிக்கத்தான் வந்தார்கள். 2007இல் லண்டனில் வைத்த காட்சியை, கேமரா விளக்குகளின் சூட்டால் பழுது என்று சொல்லி ரத்து செய்தார்கள். 2009இல் 22 பேர் கொண்ட குழு, ஆற்றல் உற்பத்தியாவதைக் காட்டவில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அதற்குப் பிறகும் பல ஆண்டு கம்பெனி நடந்தது. போட்ட பணம் போனது முதலீட்டாளர்களுக்குத்தான்.

கே: பாஸ்கராச்சாரியார் 12ஆம் நூற்றாண்டிலேயே தானாகச் சுற்றும் பாதரசச் சக்கரம் சொல்லியிருக்கிறாரே? (காஞ்சிபுரம்)

ப: சொல்லியிருக்கிறார். ஆரக்கால்களில் பாதி பாதரசம் நிரப்பினால் ஒரு பக்கம் எடை வெளியே தள்ளிப்போகும் என்பது யோசனை. ஆனால் எடை தள்ளியிருக்கும் பக்கத்தில் எந்நேரமும் ஆரக்கால் குறைவாகவும், மறுபக்கம் அதிகமாகவும் இருக்கும். இரண்டும் சமமாகிச் சக்கரம் நின்றுவிடும். பெரிய கணித மேதை அவர். அவர் பெயரைச் சொல்லிக் காந்த மோட்டார் விற்கிறவர்களிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: ஆக்ஸ்ஃபோர்டில் 1840லிருந்து ஒரு மணி நிற்காமல் அடிக்கிறதாம். இது என்ன? (நாகர்கோவில்)

ப: பேட்டரி. உலர் அடுக்கு என்ற பழைய ரகம். மணியின் நாக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிக நுண்ணியது என்பதால் இத்தனை காலம் வந்திருக்கிறது. சத்தம் கூடக் காதில் சரியாக விழாது. ஒரு நாள் தீரும்.

கே: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஃப்ரீ எனர்ஜி மாடல் செய்யச் சொல்லி நண்பர்கள் தொந்தரவு செய்கிறார்கள். செய்யலாமா? (புதுக்கோட்டை, 9ஆம் வகுப்பு)

ப: செய்யுங்கள் தம்பி, அளந்து காட்டுவதாக இருந்தால். பொம்மைக் காரிலிருந்து இரண்டு டிசி மோட்டார் எடுத்து, இரண்டின் தண்டையும் ஒரு ரப்பர் குழாயால் இணையுங்கள். ஒன்றுக்குப் பேட்டரி கொடுங்கள், மற்றதன் முனைகளில் ஒரு டார்ச் பல்பு போடுங்கள். இரு பக்கமும் வோல்ட், ஆம்பியர் எடுத்துப் பெருக்குங்கள். டிசி என்பதால் மல்டிமீட்டர் இங்கே போதும். நூறு கொடுத்து முப்பது திரும்பினாலே நல்ல மோட்டார். பல்பை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள். ஆம்பியர் எடுக்கும்போது மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும்; பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால் ஃப்யூஸ் போய்விடும்.