டாமிஃப்ளூவுக்கு மசியாத ஃப்ளூ வைரஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃப்ளூ வைரஸ் ஓசெல்டாமிவிருக்கு, அதாவது டாமிஃப்ளூவுக்கு, ஒருமுறை உலகம் முழுக்க மசியாமல் போனதாமே. கண்டபடி மாத்திரை சாப்பிட்டதால் வந்த வினையா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை, அதுதான் இதில் கவலைப்பட வைத்த விஷயம். 2008 ஜனவரியில் இது பெரிய அளவில் தெரியவந்தது நார்வேயில். அங்கே இந்த மாத்திரையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. மிக அதிகமாகப் பயன்படுத்திய ஜப்பானிலோ அந்தப் பருவத்தில் எதிர்ப்பு வைரஸ், அதாவது மருந்துக்கு மசியாத வைரஸ், சொற்பமே. டாமிஃப்ளூ முடக்குவது எச்1என்1 வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதியை. அதில் 275ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் வந்திருந்தது. இந்த மாற்றம் வழக்கமாக வைரஸை நோஞ்சானாக்கிவிடும். இம்முறை வேறு சில மாற்றங்கள் அந்தப் பலவீனத்தை ஈடுகட்டியதால் நன்றாகப் பரவி, அடுத்த பருவத்துக்குள் அந்த எச்1என்1 ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பு வைரஸாகிவிட்டது. 2009இல் வந்த புதிய எச்1என்1 அதை ஒழித்துக்கட்டியது. புதியதற்கு மாத்திரை கேட்டது. மாத்திரை அதிகம் புழங்காத இடத்திலும் எதிர்ப்பு பரவியதால், மாத்திரையே தொடாத நோயாளிகளின் மாதிரிகளையும் சோதித்தாக வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்தில் எதிர்ப்பை எப்படி அறிகிறார்கள்?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பாதி வெற்றி மாதிரி எடுப்பதிலேயே இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய மூன்று, நான்கு நாளுக்குள் மூக்கிலும் தொண்டையிலும் செயற்கை இழைக் குச்சியால் எடுக்க வேண்டும். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையைக் கெடுத்துவிடும். வைரஸ் கடத்து திரவத்தில் போட்டு 2 முதல் 8 டிகிரியில் வைத்து, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாமதமானால் மைனஸ் 70 டிகிரி. சாதாரண ஃப்ரீசரில் வைத்தால் வைரஸ் உயிர்ப்பை இழக்கும். பிறகு வளர்க்க முடியாது.

வளர்த்த வைரஸோடு ஒரு வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். நியூராமினிடேஸ் அதை வெட்டினால் ஒளிரும். மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒளிர்வு எந்த அளவில் பாதியாகிறது என்று பார்ப்பார்கள். எச்1என்1, எச்3என்2 போன்ற ஏ வகை ஃப்ளூ வைரஸில் அந்த அளவு வழக்கத்தைவிட 10 மடங்குக்குக் கீழே இருந்தால் இயல்பு. 10 முதல் 100 மடங்கு என்றால் மருந்துக்குப் பணிவது குறைந்திருக்கிறது. 100ஐத் தாண்டினால் மிகவும் குறைந்துவிட்டது. பி வகைக்கு எல்லை 5, 50. பி வைரஸுக்கு இயல்பிலேயே அளவு கூடுதல். ஏ வைரஸோடு ஒப்பிட்டால் பொய்யான எதிர்ப்பு தெரியும்.

இன்னொரு கண்ணி: எச்3என்2 வைரஸைச் செல்லில் வளர்க்கும்போது நியூராமினிடேஸின் 151ஆவது இடத்தில் மாற்றம் தானாக முளைக்கும், நோயாளியிடம் அது இருந்திருக்காது. அதனால் முதல் மாதிரியிலேயே மரபணு வரிசையைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். வரிசை மட்டும் போதாதா என்றால், போதாது. ஏற்கெனவே தெரிந்த மாற்றத்தைத்தான் அதில் அடையாளம் காண முடியும். பலோக்ஸவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்து தாக்குவது பிஏ என்ற வேறு புரதத்தை என்பதால் இந்த ஒளிர்வுச் சோதனை அதற்கு உதவாது; அந்தப் புரதத்தின் 38ஆவது இடத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று நாள் மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. எதிர்ப்பு வைரஸா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இருக்காது. காய்ச்சல் கண்டு 48 மணி நேரம் கழித்து மாத்திரையைத் தொடங்கியிருக்கலாம், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம், ஃப்ளூவாகவே இல்லாமலும் இருக்கலாம். மருத்துவரிடம் உடனே திரும்பக் காட்டுங்கள். எதிர்ப்புச் சோதனை முக்கியமாகத் தேவைப்படுவது, நோயெதிர்ப்பு சக்தி குன்றி வாரக்கணக்கில் வைரஸை வெளியிடுகிறவர்களுக்கு. பெரியவர்களுக்குச் சிகிச்சை அளவு 75 மில்லிகிராம், தினம் இருவேளை, 5 நாள். வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ என்று தடுப்புக்காகத் தினம் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால் அதே அளவில் தொடரக் கூடாது. பெருகும் வைரஸுக்கு அரைகுறை மருந்து தருவதுதான் எதிர்ப்பு முளைக்கத் தோதான நிலை.