ஆண்டுவிழா டான்ஸ் டிரெஸ் சரியில்லன்னு ஸ்கூல்ல எப்படி சொல்றது?

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுக்கு ஸ்கூல்ல இருந்து டான்ஸ் டிரெஸ் மாடல் அனுப்பியிருக்காங்க, பாத்ததுல இருந்து மனசு ஒப்பல, சொன்னா பட்டிக்காடுன்னு நினைப்பாங்களோன்னு கேட்டிருக்கீங்க. சொல்லுங்க, கண்டிப்பா சொல்லுங்க. அந்த மாதிரி டிரெஸ்ஸ தைச்சுக் குடுக்குற ஆளு நான். திண்டுக்கல்ல 17 வருஷமா டைலர் கடை வச்சிருக்கேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு ஸ்கூல் ஆர்டர், 12 பிள்ளைங்க, எல்லாம் 7, 8 வயசு. டான்ஸ் மாஸ்டர் வாட்ஸ்அப்ல ஒரு சினிமா பாட்டு அனுப்பி அச்சு அசலா இதே மாதிரி வேணும்னாரு. அது ஒரு பெரிய நடிகை குத்துப்பாட்டுக்குன்னு போட்ட டிரெஸ். எனக்கும் அப்ப ஒண்ணும் தோணலங்க, அத ஒத்துக்கணும், அளவ சின்னதாக்கி ஒரு பீஸ் தைச்சும் வச்சுட்டேன். ட்ரையல் பாக்க ஒரு புள்ளைய அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. போட்டு விட்டதும் அது ரெண்டு கையையும் வயித்து மேல வச்சு பொத்திக்கிச்சு. "கைய எடு தங்கம், ஆன்ட்டி பிட்டிங் பாக்கணும்"னேன், எடுக்கல. அவங்கம்மா, "வெக்கப்படாதடி, ஸ்டேஜ்ல எல்லாரும் கைதட்டுவாங்க"ன்னாங்க. அது ஒண்ணும் பேசாம ஆணில மாட்டியிருந்த அதோட யூனிபார்ம் சட்டைய எடுத்து மேல போட்டுக்கிச்சு, பட்டன கூட மாத்தி மாத்திப் போட்டு. நான் கையில இஞ்ச் டேப்ப வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

அன்னிக்கு ராத்திரியே மாஸ்டருக்கு போன் போட்டேன். "தம்பி, இது பிள்ளைங்களுக்கு வேணாம், ஜாக்கெட்ட இடுப்புக்குக் கீழ இறக்கி, முழு லைனிங் குடுத்து, கை வச்சு தைச்சுடறேன், சம்கி ஜரிகை எல்லாம் அப்படியே இருக்கும், மேடையில நல்லா மின்னும்"னேன். அவரு, "அக்கா, டிவில எல்லா ஷோவுலயும் இப்படித்தான் ஆடுறாங்க, நீங்க தைக்கிற வேலைய மட்டும் பாருங்க"ன்னுட்டாரு. மறுநாள் அந்த பீஸ எடுத்துட்டு நேரா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயே போயிட்டேன். அவங்களுக்கு டிரெஸ்ஸையும் யாரும் காட்டல, பாட்டு என்னன்னும் தெரியல! டிரெஸ் மாறுச்சு. பாட்டு மாறல, இதுவரைக்கும் ஆடிப் பழகிட்டாங்க, இனி நாள் இல்லன்னுட்டாங்க, அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

டிவில ஆடுறாங்கன்னு சொல்றாங்கள்ல, அந்த டிவிக்காரங்களுக்கே 2019 ஜூன்ல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை அனுப்பியிருக்கு. பெரியவங்க சினிமால ஆடுற ஆட்டத்த ரியாலிட்டி ஷோல சின்னப் பிள்ளைங்கள ஆட வைக்கிறாங்க, அந்த அசைவெல்லாம் வயசுக்கு ஒவ்வாதது, அது பிள்ளைங்க மனச பாதிக்கும், கவனமா இருங்கன்னு. ஆனா அது தனியார் சேனலுக்குத்தான், ஆண்டுவிழா மேடைக்கோ நாம போடுற ரீல்ஸுக்கோ அது இல்ல, அங்க நாமதான் பாத்துக்கணும்.

இப்ப சிலர் வருவாங்க, தப்பு உன் கண்ணுலதான் இருக்குன்னு. அந்தப் புள்ளைக்குத் தானா கூச்சம் வந்துச்சே, அத யாரு சொல்லிக் குடுத்தா? பொம்பளப் புள்ளைங்கள மூடி வைக்கணும்னு சொல்ற ஆளும் நான் இல்லங்க, ஜிம்னாஸ்டிக்ஸ் போற பிள்ளைங்களுக்கும் நான்தான் தைச்சுத் தர்றேன், அது உடம்பு வளையறதுக்கு, விளையாடுறதுக்கு போடறது. இது பெரியவங்கள கிறங்க வைக்கணும்னு யோசிச்சுப் பண்ண உடுப்பு, அதுக்குன்னே வச்ச அசைவு, அதப்போயி அர்த்தம் தெரியாத வயசுல மாட்டி விட்டு நாம விசிலடிக்கிறோம். புள்ள அதப் பாத்து இப்படி ஆடினாத்தான் நம்மள எல்லாருக்கும் பிடிக்கும்னு எடுத்துக்குது.

இன்னொண்ணும் சொல்லியாகணும், டிரெஸ்ஸுக்குன்னு பெத்தவங்ககிட்ட 1,200 ரூபா வாங்குறாங்க, எங்க கைக்கு வர்றது 300, அதுலயும் பாதி காசு விழா முடிஞ்சு ரெண்டு மாசம் அலைஞ்சாத்தான் கிடைக்கும். விடிய விடிய மிஷின் மிதிச்சவளுக்கு இந்த மரியாதைதான். சரி, அது வேற கதை.

வீடியோ விஷயத்துலயும் கண்டிஷனா இருங்க. சின்னப் பிள்ளைங்க வீடியோவுக்குக் கீழ கண்டவங்களும் வந்து அசிங்கமா எழுதுறாங்கன்னுதான் 2019ல யூடியூப்பே பிள்ளைங்க இருக்கிற கோடிக்கணக்கான வீடியோவுல கமெண்ட்ட நிப்பாட்டுச்சு. பெத்தவங்க குரூப்ல வர்ற வீடியோவ வெளிய போடாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

டீச்சர்கிட்ட தனியா போகத் தயக்கமா இருந்தா அந்த டான்ஸ்ல இருக்கிற இன்னும் ரெண்டு அம்மாமார்கிட்ட பேசிப் பாருங்க, அவங்களுக்கும் இதே சங்கடம் இருக்கும், வாயத் திறந்திருக்க மாட்டாங்க. மூணு பேரா ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குப் போங்க. டான்ஸ் வேணாம்னு சொல்லாதீங்க, பிள்ளைங்க ஆசையா இருக்கும், பாட்டையும் டிரெஸ்ஸையும் மாத்துங்கன்னு மட்டும் கேளுங்க. அளவு குடுக்குறதுக்கு முன்னாடியே போயிடுங்க, துணிய வெட்டிட்டா எங்களால கூட ஒண்ணும் பண்ண முடியாது.