வெள்ளைமுக ஆந்தையும் நீல வில்லையும்

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு. போன வாரம் புறா அளவுக் கருடன் ஒன்று வேம்பிலிருந்த அணிலைத் தூக்கிப் போய்விட்டது. அம்மா விரட்டச் சொல்கிறார். எதிரே பாழடைந்த மாடியில் வெள்ளை முகத்தோடு இரண்டு ஆந்தைகளும் உண்டு. இவற்றைப் பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்? (எலித்தொல்லைக்குச் சுவரோரம் நீல விஷ வில்லை வைத்திருக்கிறோம். பறவைகள் அதைத் தொடுவதில்லை.)

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாகவே எழுத நினைத்திருந்த விஷயம்.

புறா அளவில் கருடன் கிடையாது. அணிலைத் தூக்கியது வல்லூறு. கருடன் காசிமேட்டுப் பக்கம் மீனுக்கு வட்டமிடுவது, செம்பழுப்பு உடல், வெள்ளைத் தலை. அம்மாவிடம் சொல்லுங்கள், வல்லூறும் சாப்பிட்டாக வேண்டும். பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 போதும். 10 மடங்கு கையில் நடுங்கும்.

இனி வில்லை. பறவை தொடாது என்றே வைத்துக்கொள்வோம். எலி தொடுமே! அந்த வில்லைகளில் பெரும்பாலும் இருப்பது புரோமாடியோலோன் என்ற எலிவிஷம், 0.005 சதவீதம். ரத்தம் உறையவிடாது. தின்ற எலி உடனே சாவதில்லை, நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் அது தள்ளாடும், பகலில்கூட வெட்டவெளியில் நிற்கும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? உங்கள் வெள்ளைமுகம் கூகை, எலியை முழுதாக விழுங்குவது. எலியின் ஈரலில் தங்கிய விஷம் அப்படியே கூகையின் ஈரலுக்குப் போய்ச் சேரும். ஒரு எலியில் சாகாவிட்டாலும் அடுத்தடுத்து ஏறும். குஞ்சு இருந்தால் அதற்கும் அதே எலிதான். எலி பிடிப்பவனுக்கே விஷம் வைத்துவிட்டு எலித்தொல்லை என்கிறீர்கள்.

பசை அட்டையும் வேண்டாம். ஓணான், பல்லி, சின்ன ஆந்தை எல்லாம் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும்.

எலிக்கூண்டு வாங்குங்கள். கருவாட்டுத் துண்டைக் கம்பியில் இறுகக் கட்டுங்கள். சும்மா செருகினால் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். எலி சுவரை உரசியே ஓடும், ஆகவே கூண்டும் சுவரை ஒட்டி. புதுப்பொருள் என்றால் அதற்குச் சந்தேகம். முதல் இரண்டு மூன்று இரவு கதவு விழாமல் கட்டிவைத்துத் தின்னவிடுங்கள், பிறகு கதவு விழும்படி வையுங்கள். இருட்டியபின் வைத்து விடியுமுன் எடுங்கள், இல்லையேல் அணில் மாட்டும். பெருச்சாளிக்குச் சின்னக் கூண்டு ஆகாது. விரல் நுழையும் ஓட்டையையெல்லாம் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டால் அடையுங்கள். மீன் கழுவிய கழிவு முற்றத்தில் கிடந்தால் இத்தனையும் வீண்.

வில்லைகளை இன்றே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தின்ற எலி இன்னும் சில நாள் வெளியே வந்து விழும். குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள், கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போனால் அங்கே பருந்துகள் காத்திருக்கின்றன. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து, முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் புதையுங்கள், மேலே ஒரு கல்லை வையுங்கள்.